தம் அடிச்சா டென்ஷன் குறையுதுன்னு யாரு சொன்னா?

"செம டென்ஷன், ஒரு தம் போட்டா தான் மண்டை ஓடும்". நானும் பல வருஷம் இதையே சொல்லிட்டு திரிஞ்சவன் தான். விட்டதுக்கு அப்புறம் உக்காந்து படிச்சேன், படிக்க படிக்க கடுப்பு தான் வந்துச்சு, ஏன்னா ஒவ்வொரு சிகரெட்டும் பெரும்பாலும் குறைச்சது அதுக்கு முந்தின சிகரெட் கிளப்பி விட்ட டென்ஷனை.

எப்படின்னா, புகையை இழுத்த 10, 20 செகண்ட்ல நிக்கோட்டின் மூளைக்கு போயிடும். அங்க அசிடைல்கோலின்னு நம்ம உடம்பே தயாரிக்கிற ஒரு கெமிக்கல் உக்கார வேண்டிய ரிசப்டர்கள் இருக்கு, நிக்கோட்டின் போய் அதுல துண்டு போட்டு இடம் புடிச்சுக்கும். டோபமைன் சுரக்கும், சுகமா இருக்கும். ஆனா தினமும் இதே கூத்து நடந்தா ரிசப்டர் எல்லாம் மரத்துப் போகும், மூளையும் சரி பத்தலன்னு எண்ணிக்கையை கூட்டிடும். ரத்தத்துல நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்துல பாதியாயிடும், அப்ப காலியா கிடக்குற ரிசப்டர் எல்லாம் ஒண்ணா சேர்ந்து கத்தும். எரிச்சல், படபடப்பு, எதுலயும் மனசு நிக்காது. நாம மேனேஜரை திட்டிட்டு பத்த வைப்போம், அடங்கிடும், ஆஹா டென்ஷன் போச்சுன்னு நினைச்சுக்குவோம். காலையில முதல் தம் அவ்ளோ சுகமா இருக்கறதும் இதனால தான், ராத்திரி பூரா நிக்கோட்டின் இறங்கி அடிமட்டத்துல இருக்கும்.

இன்னொரு கூத்து, நிக்கோட்டின் அட்ரினலினை கிளப்பி விடும், ஹார்ட் வேகமா அடிக்கும், பிரஷர் ஏறும். அதாவது மனசு அப்பாடான்னு இருக்கும்போதே உடம்பு பதட்டத்துல இருக்கு. அப்புறம் அந்த ஏக்கம் அடங்குறது போக மீதி நிம்மதி எங்கிருந்து வருதுன்னா, கொஞ்சம் அந்த மூச்சுல இருந்து. மெதுவா இழுத்து, நீளமா விடுறோம்ல, மூச்சை நீளமா வெளிய விட்டா மூளையில இருந்து ஹார்ட்டுக்கு வர்ற வேகஸ் நரம்பு ஹார்ட்டை கொஞ்சம் நிதானமாக்கும். அஞ்சு நிமிஷம் வேலையை விட்டு எழுந்து போறோம், அதுவும் சேர்த்தி. இது ரெண்டுக்கும் புகை எதுக்கு?

விட்ட சில மணி நேரத்துலயே ஆட்டம் ஆரம்பிக்கும், ரெண்டாவது மூணாவது நாள் தான் உச்சம், மூணு நாலு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும். கூடிப்போன ரிசப்டர்களும் சில வாரங்கள்ல பழைய அளவுக்கு இறங்கறது ஸ்கேன்லயே தெரியுது. 2014ல பிஎம்ஜேன்னு ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல 26 ஆய்வுகளை சேர்த்து பாத்து எழுதினாங்க, விடாம புடிச்சவங்களை விட விட்டவங்களுக்கு தான் பதட்டம், மனச்சோர்வு, ஸ்ட்ரெஸ் எல்லாமே குறைஞ்சிருந்துச்சு.

ஆனா நிக்கோட்டின் போனாலும் பழக்கம் போகாது. ஒரு நாளைக்கு 20 சிகரெட், ஒண்ணுக்கு 10 இழுப்புன்னு வச்சா வருஷத்துக்கு 73,000 தடவை கை வாய்க்கு போகுது, அதுல பல தடவை ஏதோ ஒரு டென்ஷனோட முடிச்சு போட்டு வச்சிருக்கும். மாசக்கணக்குல கழிச்சு கூட ஒரு கெட்ட போன் வந்தா கை சட்டைப் பாக்கெட்டை தடவும். பெரும்பாலும் சில நிமிஷத்துல அந்த அலை இறங்கிடும், அதுக்குள்ள ஒரு பத்து நிமிஷம் வேகமா நடந்துட்டு வந்தா இன்னும் சுலபம்.

இப்ப யாரும் சொல்லாத விஷயம், காபி. சிகரெட் புகையில இருக்கற தார் நம்ம கல்லீரல்ல காஃபீனை உடைக்கிற என்சைமை முடுக்கி விட்டு வச்சிருக்கும், அதனால தம் அடிக்கிறவங்க காபியை மளமளன்னு கரைச்சிடுவாங்க. விட்ட ஒரு வாரத்துக்குள்ள அந்த என்சைம் சாதாரண வேகத்துக்கு வந்துடும், நாம அதே நாலு கப் குடிச்சிட்டு இருப்போம், ரத்தத்துல காஃபீன் ரெண்டு மடங்கு வரைக்கும் ஏறலாம். கை நடுக்கம், தூக்கம் வராம புரளுறது, நெஞ்சு படபடன்னு அடிக்கிறது. அடடா தம்மை விட்டதால தான் இப்படின்னு நினைச்சு திரும்ப பத்த வச்சவங்க எத்தனை பேரோ. விடுற அன்னிக்கே காபியை பாதியாக்கிடுங்க, அவ்ளோ தான். குளோசபின், ஒலான்சபின் மாதிரி மனநல மாத்திரைகளுக்கும் இதே கதை தான், அதை சாப்பிடுறவங்க தம்மை விடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், டோஸை மாத்த வேண்டி வரலாம்.

தோல்ல ஒட்டுற நிக்கோட்டின் பேட்ச், மெல்லுற கம் எல்லாம் இந்த கஷ்டமான வாரங்களை தாண்டத்தான். இதுல நிக்கோட்டின் மெதுவா ஏறும், அதனால புகை மாதிரி ஒரேயடியா மூளைக்கு பாயாது. கம்மை மட்டும் சாதா சூயிங்கம் மாதிரி மென்னு தள்ளக்கூடாது, மெதுவா கடிச்சு, சுருக்குனு காரம் வந்ததும் கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கணும், நிக்கோட்டின் வாய்த்தோல் வழியா தான் உள்ள போகணும். வாய் புளிப்பா இருந்தா அது போகாது, அதனால காபி, ஜூஸ் குடிச்சா 15 நிமிஷம் கழிச்சு தான் கம். இது தெரியாம நான் மூணு நாள் ஒரு வாய் காபி ஒரு கடி கம்முன்னு ஓட்டிட்டு, சரியான டுபாக்கூர் கம்முன்னு திட்டிட்டு இருந்தேன்.