பிள்ளையிடம் யார் கேட்டார்கள்?

போன மாசம் இலங்கை மலையகத்தில், ஹற்றனில் ஓர் அம்மா என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். கொழுந்துக் கறை போகாத விரல்களால் போனை நீட்டி, "மிஸ், மொதல்ல இதக் கேளுங்க" என்றார். தாய்மார் வட்ஸ்அப் குழுவில் வந்த குரல் பதிவு. வெளிநாட்டில் பள்ளிக்கூடத்திலேயே ஆணைப் பெண்ணாக்கி, பெண்ணை ஆணாக்குகிறார்களாம். அடுத்தது நம் பிள்ளைகள்தானாம். பக்கத்தில் 14 வயது மகள், பூசாரி கட்டிய கறுப்பு நூலை மணிக்கட்டில் திருகியபடி இருந்தாள். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். "நான் பொம்பளப் புள்ள மாதிரி இல்லம்மா" என்று ஒருநாள் சொன்னாள். அவ்வளவுதான். குழுவில் விசாரித்து, போனைப் பறித்து, நூலும் கட்டியாயிற்று. அவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்காரர் கொழும்பில் வேலை. விடியப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போகிறவருக்குப் பயம் வந்தால் கேட்க ஆள் போனில்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் பிள்ளைகளின் பாலின அடையாளம் பற்றி விவாதம் நடப்பது உண்மை. இங்கிலாந்தில் வைத்தியர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் கொடுத்த அறிக்கை, பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்கான ஆதாரம் பலவீனமாக இருப்பதாகச் சொன்னது. வைத்தியர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. ஆனால் அது அந்த நாட்டுச் சிகிச்சை பற்றிய பேச்சு. இங்கே 2016 சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கைப்படி, 16 வயதைத் தாண்டியவருக்கு, மனநல வைத்திய நிபுணர் பார்த்த பிறகே, பதிவுகளில் பாலினத்தை மாற்ற உதவும் பாலின அங்கீகாரச் சான்றிதழ் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் யாரும் யாரையும் மாற்றிவிட முடியாது.

"ஜெயில்ல போடுவாங்களா மிஸ்?" என்று கேட்டார். ஒரே பாலினத்தவரின் உறவைத் தண்டிக்கப் பயன்படும், 1883 தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறார். அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியும் அவை நீக்கப்படவில்லை. ஆனாலும் அவை பேசுவது பாலுறவுச் செயலைப் பற்றி. முடி வெட்டுவதும் மனதில் தோன்றுவதைச் சொல்வதும் குற்றமல்ல. மனநோயும் அல்ல: 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், பாலின உணர்வு பிறந்த பாலினத்தோடு ஒத்துப்போகாத நிலையை மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது.

அப்புறம் மகளோடு தனியாக இருந்தேன். இருபது நிமிடம் பேச்சே இல்லை. பிறகு, "எனக்கு என்னன்னு தெரியல மிஸ். தெரியலன்னு சொன்னா அடிப்பாங்களா?" என்றாள். இன்றைக்கே தெரிந்தாக வேண்டியதில்லை என்றேன். இந்த வயதில் சிலருக்கு இது மாறும், சிலருக்கு நிலைக்கும். எது நடந்தாலும் அவளுக்கு அடி விழக்கூடாது.

அம்மாவிடம் கேட்டது கொஞ்சம்தான். மகளின் விஷயத்தைக் குழுவில் போடாதீர்கள். அடிக்காதீர்கள். சாப்பாடு, தூக்கம் குறைந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவாருங்கள். இரவென்றால் 1926க்கு, தேசிய மனநல நிறுவனத்துக்கு அடியுங்கள். பிள்ளையை யாராவது துன்புறுத்தினால் சிறுவர் உதவி எண் 1929.

நூலை அவிழ்க்கச் சொல்லவில்லை. பாசத்தில் கட்டியது. வாசலில் செருப்பை மாட்டியபடி அம்மா, "பசிக்குதா? ரொட்டி தின்னுட்டுப் போவமா?" என்று மகளிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள்.