‘கமிசா’ அரபுச் சொல்லா?

ஸ்பானிய மொழியில் சட்டைக்குப் பெயர் கமிசா. அரபியில் கமீஸ். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம் ஆட்சி பல நூற்றாண்டுகள் நீடித்ததால், அரபியிலிருந்து ஸ்பானியத்துக்குப் போன சொல்தானே என்று கேட்கிறார் ஒரு வாசகர். இல்லை, பயணம் எதிர்த்திசையில் நடந்தது.

கி.பி. 400-ஐ ஒட்டி லத்தீனில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் புனித ஜெரோம், போர்வீரர்கள் ‘கமிசியா’ என்று சொல்லும் லினன் உள்ளாடையைக் குறிப்பிடுகிறார். அரபு-பெர்பர் படைகள் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்தது 711-ல்தான். அந்த லத்தீன் சொல்லே ஸ்பானியம், போர்த்துக்கீசியம், கட்டலான் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலோடு கமிசா ஆனது. கிழக்கே போன கிளை அரபியில் கமீஸாகி, பாரசீகம், உருது வழியே நம் ‘சல்வார் கமீஸ்’ வரை வந்து சேர்ந்தது.

ஜெரோமின் ஏடு கிடைக்காமல் போயிருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். அதுதான் இதில் அழகு. நாக்கு நுனியைக் கீழ்ப்பற்களில் வைத்து ‘ஸ’ சொல்லுங்கள். பிறகு நுனியை மேலீறு வரை உயர்த்தி மீண்டும் சொல்லுங்கள். ஒலி சற்றே ‘ஷ’ பக்கம் சாயும். இன்றைய ஸ்பானியத்தின் மூல வடிவத்தைப் பேசிய இடைக்காலக் காஸ்டிலியரின் ‘எஸ்’ இந்த இரண்டாவது வகை. பல்லருகே பிறந்த ‘த்ஸ’ என்ற வேறோர் ஒலியும் அவர்களிடம் இருந்தது. அரபு ‘ஸ’வோ பல்லருகே பிறப்பது. அதைக் கேட்ட காஸ்டிலியர் தங்கள் ‘எஸ்’ஸோடு சேர்க்காமல், ‘த்ஸ’வோடு சேர்த்தார்கள். அது பின்னாளில் ‘இசட்’ எழுத்தானது. கோட்டையைக் குறிக்கும் அரபு ‘கஸபா’, ஸ்பானியத்தில் ‘இசட்’ போட்ட அல்கஸாபா. மறுதிசையில், அங்கத்திய ‘எஸ்’ அரபியர் காதில் ‘ஷ’வாக விழுந்தது: லத்தீன் ‘ஹிஸ்பாலிஸ்’ நகரம் அரபியில் ‘இஷ்பீலியா’, இன்றைய செவில்.

கமிசாவை இந்தச் சோதனையில் வையுங்கள். அரபியிலிருந்து வந்திருந்தால் ‘இசட்’ இருக்க வேண்டும், இருப்பது ‘எஸ்’. அரபு இரவல் பெயர்களில் அடிக்கடி ஒட்டிவரும் ‘அல்’ முன்னொட்டும் இல்லை.

சல்வாரின் கதை வேறு. பாரசீக ‘ஷல்வார்’ அரபியில் ‘ஸிர்வால்’, பன்மையில் ‘ஸராவீல்’. ஸ்பானியத்தில் அது ‘சரகுவேயெஸ்’. முதலெழுத்து ‘இசட்’: சோதனையில் தேறிவிட்டது. அரபு ‘வ’ இங்கே ‘குவ’ ஆகியிருக்கிறது. ‘வாதி அல்-கபீர்’ ஆறு குவாதல்கிவீர் ஆனதும் இப்படித்தான். அரபுப் பன்மையின் மேல் ஸ்பானியப் பன்மை விகுதியும் ஏறியிருக்கிறது. வலென்சியா, முர்சியா விவசாயிகளின் அகலமான வெள்ளை அரைக்கால் சட்டை அது. போர்த்துக்கீசியத்தில் அதே சொல் ‘செரோலஷ்’ ஆகி, நீளமான உள்காற்சட்டையைக் குறிக்கிறது.

இன்றைய உச்சரிப்பைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்தால் தவறிவிடும். அந்தப் பழைய ‘த்ஸ’ காஸ்டிலில் பல்லிடை ‘த’ ஒலியாகிவிட்டது. லத்தீன் அமெரிக்காவில் ‘ஸ’வோடு கலந்துவிட்டது. பழைய ஆவணங்களின் எழுத்துக்கூட்டலே சாட்சி. ஒலி ஒத்துப்போனால் போதும், வேர் சொல்லிவிடலாம் என்று நம்மிடையே பரவியிருக்கும் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. பழைய சொத்துப் பட்டியல்களையும் வரிக் கணக்குகளையும் படியெடுக்கும் வேலைக்கு நிதி ஒதுக்கினால்தான் இத்துறை வளரும்.

சட்டைக்கு உண்மையிலேயே அரபுப் பெயர் வைத்திருப்பவர்கள், ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையோரம் வாழும் பாஸ்க் மக்கள். அவர்கள் சொல்லும் ‘அல்கந்தோரா’, அரபு ‘அல்-கந்தூரா’விலிருந்து வந்தது. இடைக்கால ஸ்பானியத்திலும் புழங்கிய அந்தச் சொல் அங்கே வழக்கொழிந்துவிட்டது. பாஸ்க் மொழியில் இன்றும் அன்றாடச் சொல்.