டிஸ்டார்ஷன் பெடல் வாங்குமுன் ஆம்பைப் பாருங்கள்

எலக்ட்ரிக் கிடாருக்கும் ஆம்புக்கும் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) நடுவே இருந்து, காலால் அமுக்கினால் ஒலியைக் கரகரப்பாக்கும் சிறு பெட்டிதான் டிஸ்டார்ஷன் பெடல். வீட்டில் தனியாக வாசிக்கும்போது மலை மாதிரி நின்ற பெடல், ட்ரம்ஸும் பேஸ் கிடாரும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். வாங்கிய சூட்டோடு பெடலை விற்க வருகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். பெடலில் கோளாறு எதுவும் இருக்காது. கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து வாங்கியிருப்பார்கள், மிட்ஸ் (ஒலியின் நடு அதிர்வெண்கள்) எங்கே போகிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 1969 வாக்கில் கொண்டுவந்த பிக் மஃப் நல்ல உதாரணம். டோன் நாப் (திருகும் குமிழ்) நடுவில் இருந்தால் அதன் சர்க்யூட் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பெரிய பள்ளம் வெட்டுகிறது. அடிப்பகுதியும் உச்சியும் மிஞ்சுவதால் தனியாகக் கேட்க பிரம்மாண்டம். ஆனால் பேண்டில் அடிப்பகுதியை பேஸ் கிடாரும் கிக் ட்ரம்மும் எடுத்துக்கொள்கின்றன, உச்சியை சிம்பல் எடுத்துக்கொள்கிறது. கிடாருக்கென்று மிச்சமிருந்த இடம் அந்த நடுப்பகுதிதான், அதைப் பெடலே வெட்டிவிட்டது. ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் இதற்கு நேர் எதிர். 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிப்பகுதிக்குக் கெயினைக் குறைத்துவிட்டு மிட்ஸை முன்னே தள்ளும். தனியறையில் மூக்கடைத்த குரல் போலத் தோன்றும், மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்.

இதனால் பிக் மஃப் மட்டம் என்று ஆகிவிடாது. ஆம்ப் எது என்பதுதான் கேள்வி. பழைய ஃபெண்டர் வகை ஆம்பில் மிட்ஸ் ஏற்கெனவே குழிந்திருக்கும். அதில் பிக் மஃபை மாட்டினால் பள்ளத்துக்குள் பள்ளம், அங்கே டியூப் ஸ்க்ரீமர் பொருந்தும். மிட்ஸ் தூக்கலாக இருக்கும் மார்ஷல் வகையில் பிக் மஃப் நன்றாகவே நிற்கும். ஹை-கெயின் ஆம்ப் வைத்திருக்கும் மெட்டல்காரர்களுக்குத் தனி டிஸ்டார்ஷன் பெடல் தேவைப்படுவதே குறைவு. டியூப் ஸ்க்ரீமரில் டிரைவைப் (அதன் கெயின் நாப்) பூஜ்யத்திலும் லெவலை உச்சத்திலும் வைத்து ஆம்புக்கு முன்னால் போடுவார்கள். தொளதொளவென்ற பேஸ் வடிகட்டப்பட்டு, பாம்-மியூட் (உள்ளங்கையால் ஸ்ட்ரிங்கை அமுக்கி வாசிப்பது) இறுகி விழும்.

10, 15 வாட் பயிற்சி ஆம்ப் வைத்திருப்பவர்கள் அதன் கிளீன் (கரகரப்பு இல்லாத) சேனலிலேயே பெடலைப் போடுங்கள். டிஸ்டார்ஷன் மேல் டிஸ்டார்ஷன் போட்டால் இரைச்சல்தான் பெருகும். 6 அங்குல ஸ்பீக்கரிடம் பேஸை எதிர்பார்த்து நாப்பைத் திருகுவதும் வீண், குறைத்து வைத்தால்தான் ஒலி தெளியும்.

பெடலுக்குள் நடப்பது எளிமையானது. பிக்கப்பிலிருந்து (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காயில்) வருவது ஒரு வோல்ட்டில் சிறு பங்கு. ஆப்-ஆம்ப் (பெருக்கும் ஐசி) அல்லது டிரான்சிஸ்டர் அதைப் பல மடங்கு பெருக்குகிறது. எகிறும் அலையின் தலையை டையோடு வெட்டுகிறது. சிலிக்கான் டையோடு சுமார் 0.6 வோல்ட்டில் வெட்டும், ஜெர்மானியம் 0.3 பக்கத்தில், சிவப்பு எல்இடி 1.7 அருகில். உயரத்தில் வெட்டினால் ஒலி உரக்க வரும், கம்ப்ரஷன் (மெல்லியதும் உரத்ததும் ஒரே மட்டமாவது) குறையும். டையோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். டியூப் ஸ்க்ரீமரில் அது ஆப்-ஆம்பின் ஃபீட்பேக்கில் (வெளிவரும் சிக்னல் உள்ளே திரும்பும் பாதை) இருப்பதால் வெட்டு வழுக்கலாக விழுகிறது. பாஸ் (Boss) டிஎஸ்-1, புரோகோ ராட் (இரண்டும் 1978) போன்றவற்றில் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இருப்பதால் கத்தியால் சீவியது போல விழுகிறது. ராட் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதன் ஃபில்டர் நாப் தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால் உச்சி குறையும். ‘மந்தமாக இருக்கிறது’ என்று வரும் ராட்களில் பலவற்றை இடப்பக்கம் திருப்பிக் கொடுத்தாலே போதும்.

அதிகக் கெயினில் முழு கார்டு (பல ஸ்வரங்களை ஒன்றாக வாசிப்பது) ஏன் கூழாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாக வெட்டப்படும்போது, அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய ஸ்வரங்களாக முளைக்கின்றன. தடித்த ஈ ஸ்ட்ரிங் 82.4 ஹெர்ட்ஸ், அதன் மேல் பி 123.5. கழித்தால் 41, அதே ஈ ஒரு ஆக்டேவ் கீழே. கூட்டினால் 206, ஜி ஷார்ப்புக்கு மிக அருகில், ஈ மேஜருக்குச் சொந்தமான ஸ்வரம். ஈ, பி போன்ற இரண்டு ஸ்வரம் மட்டும் உள்ள பவர் கார்டு டிஸ்டார்ஷனில் கனமாக ஒலிப்பது இப்படித்தான். பி-க்குப் பதில் ஜி ஷார்ப்பையே (103.8) வாசியுங்கள், கூட்டல் 186 வரும். அது எஃப் ஷார்ப் பக்கம், கார்டில் இல்லாத ஆள். ஆகவே மேஜர், மைனர் கார்டுகளை முழுதாக ஸ்ட்ரம் செய்கிறவருக்கு வேண்டியது குறைந்த கெயினில் நன்றாக ஒலிக்கும் ஓவர்டிரைவ் (டியூப் ஸ்க்ரீமர் போன்ற மென்மையான பெடல்). மெட்டல் பெடலைக் காட்டுகிற விற்பனையாளரிடம் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லலாம்.

கடைக்கு உங்கள் கிடாரைக் கொண்டுபோங்கள். சிங்கிள் காயில், ஹம்பக்கர் என்ற இரு வகைப் பிக்கப்புக்கும் ஒரே பெடல் வேறு வேறாக நடந்துகொள்ளும். டோன் நடுவில், கெயின் கடிகாரத்தின் 9 மணி அளவில் வையுங்கள். பெடல் ஆஃபில் கேட்கும் அதே சத்தம் ஆனிலும் வரும்படி லெவலை முதலில் சரிசெய்யுங்கள். இதை விட்டால் சோதனையே பொய். உரக்கக் கேட்பது நல்லதாகத் தோன்றுவது காதின் இயல்பு, டெமோ கொடுப்பவருக்கும் அது தெரியும். பிறகு பாம்-மியூட்டில் ஈ ஸ்ட்ரிங், ஒரு முழு ஜி கார்டு, 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒற்றை ஸ்வரங்கள். இவை முடிந்ததும் கிடாரின் வால்யூமைப் பாதியாக்குங்கள். ஒலி தெளிந்து வந்தால் ஒரே பெடலில் இரண்டு குரல் கிடைத்த மாதிரி. சத்தம் மட்டும் குறைந்து கரகரப்பு அப்படியே இருந்தால் அதற்கு ஒரே முகம்தான்.

ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸரில் வாசிப்பவர்களுக்கு வேறு கணக்கு. 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். டிஸ்டார்ஷனின் முள் எல்லாம் அங்கேதான் ஒளிகிறது. மேடை ஸ்பீக்கர் எதையும் ஒளிக்காது, தேனீக்கூட்டம் மாதிரி கேட்கும். பெடல் வரிசையின் கடைசியில் கேபினட் சிமுலேட்டர் (கிடார் ஸ்பீக்கரின் ஒலியைப் போலிசெய்வது) ஒன்று வேண்டும். டிஜிட்டல் மிக்ஸராக இருந்தால் 5 கிலோஹெர்ட்ஸில் லோ-பாஸ் ஃபில்டர் (அதற்கு மேல் உள்ளதை வெட்டுவது) வைத்து ஓரளவு சமாளிக்கலாம். ட்ரூ பைபாஸ் (ஆஃபில் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் போகும்) பெடலில் இன்னொரு பொறி உண்டு. ஆஃப் செய்ததும் பிக்கப் நேரடியாக மிக்ஸரின் லைன் இன்புட்டைச் சுமக்கும். 10 கிலோ-ஓம் பக்கம் உள்ள அந்த இன்புட் பிக்கப்பின் பளபளப்பை உறிஞ்சிவிடும். பாஸ் பெடல்களில் பஃபர் (பிக்கப்பை அந்தச் சுமையிலிருந்து காக்கும் சர்க்யூட்) இருப்பதால் இந்தச் சிக்கல் வராது. மற்றவற்றுக்கு டிஐ பாக்ஸ் (கிடாரை மிக்ஸருக்குப் பொருத்தித் தரும் பெட்டி) போடுங்கள்.

இனி, பெடல்கள் சாகிற இடம்: அடாப்டர். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, பின்னின் நடுவில் மைனஸ். வீட்டு வைஃபை ரௌட்டரின் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பிளஸ். பின் அளவு பல சமயம் ஒன்றே என்பதால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். உள்ளே இருக்கும் காவல் டையோடு தலைகீழ் மின்சாரத்தைத் தானே தாங்கி ஷார்ட்டாகிப் போகும். பெடல் விளக்கு எரியாது, அடாப்டர் சுடும். அத்தோடு நின்றால் அதிர்ஷ்டம், ஒரு 1என்4001 டையோடு மாற்றினால் உயிர் வரும். டையோடு எரிந்து அறுந்துபோனால் அடுத்த பலி ஐசி. மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பின்னின் உள்ளேயும் கறுப்பை வெளியிலும் வையுங்கள். மைனஸ் 9 காட்டினால் மாட்டலாம்.

மில்லியாம்ப் அதிகமாக இருந்தால் பயமில்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். அனலாக் டிஸ்டார்ஷனுக்கு 20-க்குள் போதும். வோல்ட் அப்படியல்ல. சில ஓவர்டிரைவ்களில் உள்ள மேக்ஸ்1044 ஐசியின் உச்ச வரம்பு 10.5 வோல்ட், 12 கொடுத்தால் போயிற்று. ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் உள்ள ஃபஸ் பெடல்களில் பல பாசிட்டிவ் கிரவுண்ட் (பிளஸ்தான் கிரவுண்டோடு சேர்ந்திருக்கும்). அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே டெய்ஸி செயினில் (ஒரு அடாப்டரைப் பல பெடலுக்குப் பிரிக்கும் கேபிள்) கோர்த்தால் சப்ளையே ஷார்ட். தனி பேட்டரியில் ஓட்டுங்கள்.

பேட்டரியில் ஓட்டுகிறவர்கள் வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரிக்கு ஸ்விட்ச் அந்த ஜாக்தான். கேபிள் செருகியிருக்கும்வரை, பெடல் ஆஃபில் இருந்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.