வண்டி ஆயில் குடிக்குதா? இன்ஜின எறக்குறதுக்கு முன்னாடி மலைய எறங்கிப் பாருங்க

போன மாசம் கோத்தகிரியில இருந்து ஒரு அண்ணன் பழைய பெட்ரோல் கார் ஒண்ண கொண்டு வந்தாரு, 1000 கிலோமீட்டருக்கு முக்கா லிட்டர் ஆயில் குடிக்குதாம், வேற எடத்துல காட்டுனதுக்கு ரிங் (பிஸ்டனச் சுத்தி இருந்து ஆயில் மேல ஏறாம தடுக்குற வளையம்) போச்சு, இன்ஜின் எறக்கணும், 45,000 ஆகும்னுட்டாங்களாம். ஒரு பொகையக் கூட பாக்காம எப்பிடி சொன்னாங்கன்னு தெரியல.

நான் ஒரு போல்ட்டக் கூட கழட்டல. குன்னூர்ல இருந்து பர்லியார் வரைக்கும் ரெண்டாவது கியர்ல விட்டு எறக்கச் சொன்னேன், நான் பின்சீட்ல திரும்பி உக்காந்து பாத்துட்டே வந்தேன், கீழ வந்து ஆக்ஸிலேட்டர மிதிச்ச ஒடனே நீலப் பொகை குப்புனு வந்துச்சு, அப்பறம் நின்னுருச்சு. திரும்ப மேல ஏறும்போது ஒண்ணுமே இல்ல.

வால்வ் சீல்தான் அது, வால்வ் தண்டு வழியா ஆயில் உள்ள எறங்காம தடுக்குற சின்ன ரப்பர். ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காம எறங்கும்போது இன்ஜின் உறிஞ்சுற உறிஞ்சு ஜாஸ்தி, சீல் காஞ்சு கட்டியாயிருந்தா அது வழியா ஆயில உள்ள இழுத்துரும். காலையில ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்சம் நீலமா வந்து நின்னாலும் பெரும்பாலும் இதேதான். ரிங் போயிருந்தா ஏத்தத்துல விடாம பொகையும், ஆயில் மூடியத் தொறந்தா காத்து குபுகுபுன்னு அடிக்கும். அப்பவும் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள எவ்வளவு அழுத்தம் வருதுன்னு மீட்டர் வெச்சுப் பாக்குறது) பண்ணாம ஒத்துக்காதீங்க, பிளக் ஓட்டையில ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாத்தா ரீடிங் நல்லா ஏறுச்சுன்னா ரிங்தான்.

எல்லாத்துக்கும் முன்னாடி பிசிவி வால்வ் (இன்ஜின் உள்ள சேர்ற ஆவிய வெளியேத்தி திரும்ப எரிக்க அனுப்புற வால்வ்) அடைச்சிருக்கான்னு பாருங்க, நெறைய வண்டியில சில நூறு ரூபாயோட முடிஞ்சிரும். டர்போ டீசல்னா டர்போ சீலையும் பாக்கணும். ஊட்டியில ஜனவரி காலையில வர்ற வெள்ளை ஆவியப் பாத்து பயந்து ஓடி வராதீங்க, சூடானதும் போயிரும், கூலன்ட்டும் சேந்து கொறஞ்சாதான் வேற கதை. இன்னொண்ணு, நம்ம ஊர்ல சரிவா இல்லாத பார்க்கிங் ஏது, சரிவுல நிறுத்தி டிப்ஸ்டிக் பாத்தா அது பொய்தான் சொல்லும்.

செலவு வண்டிக்கு வண்டி மாறும். சின்ன பெட்ரோல் வண்டியில வால்வ் சீல் கூலியோட 6,000ல இருந்து 12,000 வரைக்கும் ஆகலாம், ரிங் வேலைன்னா 30,000க்கு மேல, போர், அதாவது பிஸ்டன் ஓடுற சிலிண்டர் சுவர், தேஞ்சிருந்தா கோயம்புத்தூர் லேத்துக்கு அனுப்பி கடைஞ்சு ரீபோர் பண்ணணும், அதுக்குத் தனி. கெட்டி ஆயில் ஊத்தி பொகைய மறைச்சு வித்துட்டுப் போறவங்களும் இருக்காங்க.

காசு சேர்ற வரைக்கும் ஓட்டித்தான் ஆகணும்னா ஒரு லிட்டர் ஆயில டிக்கியில போட்டுக்கங்க, கொண்டை ஊசி வளைவுல திரும்பும்போது ஆயில் லைட் மினுக்குனா எடம் கெடைச்ச ஒடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிருங்க, வீடு போய் பாத்துக்கலாம்னு ஏத்தாதீங்க.