விழாத பால் பல்லைக் கழற்றச் சொல்வதற்கு முன்

"டொக்டர், பிள்ளைக்கு ஒன்பது வயசாகுது. முன்பல்லு இன்னும் ஆடக்கூட இல்ல. நீங்களே கழட்டி விடுங்கோவன், புதுப்பல்லு வரட்டும்."

கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் பின்னேரக் கிளினிக் வைத்திருக்கும் எந்தப் பல் வைத்தியருக்கும் இந்த வேண்டுகோள் பழக்கமானது. பெரும்பாலும் பயப்பட ஒன்றுமிருக்காது. சில பிள்ளைகளுக்குப் பல் பிந்தித்தான் விழும். தகப்பனுக்கும் அப்படித்தான் என்று கூட வந்த அப்பம்மா சாட்சி சொல்லுவார். ஆனாலும் குறட்டைக் கையில் எடுக்க முதல் நான் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று கேட்பேன். மேல்தாடை, கீழ்த்தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே அது. "ஒரு பல்லுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய படம்?" என்று முகம் சுளிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கீழே நடு முன்பற்கள் ஆறு ஏழு வயதிலும், மேலே ஏழு எட்டு வயதிலும் விழுந்து முளைப்பது வழமை. சில மாதங்கள் முந்திப் பிந்தினால் பரவாயில்லை. ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் அதன் சோடிப் பல் வரவில்லையென்றால் படம் எடுக்க வேண்டும். ஒன்பது வயதாகியும் ஒரு முன்பல்கூட ஆடவில்லையென்றால் கட்டாயம் எடுக்க வேண்டும்.

மிக அபூர்வமாக அந்தப் படத்தில் வேறொரு கதை இருக்கும். பால் பற்கள் வேர் கரையாமல் அப்படியே நிற்கும். அவற்றுக்கு அடியில் நிரந்தரப் பற்கள் எலும்புக்குள் புதைந்து கிடக்கும். அவற்றின் இடுக்கிலெல்லாம், முக்கியமாகக் கீழ்த்தாடையில் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால், யாரும் எதிர்பார்க்காத மேலதிகப் பற்கள் குட்டி குட்டியாக முளைவிட்டிருக்கும். பின்னேரம் ஐந்து மணி நெரிசலில் கொழும்பு–காலி வீதி மாதிரி: எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள், ஒருவரும் நகரவில்லை.

இப்படியொரு படத்தைப் பார்த்தால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கிளைடோகிரேனியல் டிஸ்பிளாசியா. மார்பையும் தோளையும் இணைக்கும் காறை எலும்பையும் மண்டையோட்டையும் பற்களையும் முக்கியமாகப் பாதிக்கும் பிறவிக் குறைபாடு. 1898இல் பிரான்ஸ் மருத்துவர்களான மரீ, சான்டன் இருவரும் இதை விவரித்துப் பெயரிட்டார்கள். ஆறாவது குரோமோசோமில் உள்ள ரன்எக்ஸ்2 என்ற மரபணுவின் மாற்றமே காரணம் என்பது 1997இல் தெரியவந்தது. உலகக் கணக்கில் பத்து இலட்சம் பேருக்கு ஒருவர் என்பார்கள். அந்தக் கணக்கை நம்பினால் இலங்கை முழுவதிலும் இருபது சொச்சம் பேர்தான் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், கண்டுபிடிக்கப்படாமலே "பல்லு சரியில்லாத ஆள்" என்ற பெயரோடு வாழ்ந்து முடிப்பவர்கள் அதைவிடக் கூட.

எலும்பைக் கட்டும் கலங்கள் உருவாக அந்த மரபணு வேண்டும். எலும்பு கரைந்து திரும்பக் கட்டப்படும் வேலையும் அதையொட்டியே நடக்கிறது. நிரந்தரப் பல் மேலே வர இரண்டு காரியம் நடக்க வேண்டும்: பால் பல்லின் வேர் கரைய வேண்டும், பல்லை மூடியிருக்கும் எலும்பு கரைந்து வழிவிட வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டுமே மந்தம். அதோடு பற்களை உண்டாக்கும் இழையம் தன் வேலை முடிந்ததும் மறைந்துபோகாமல் தங்கி, இன்னும் பற்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. மேலதிகப் பற்கள் வருவது அதனால்தான்.

இப்போது அந்த அம்மாவின் வேண்டுகோளுக்கு வருவோம். பால் பல்லைக் கழற்றினால் புதுப்பல் வரும் என்பது சாதாரணப் பிள்ளைக்குச் சரி. இங்கே பால் பல் போனாலும் அடியிலுள்ள பல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். உள்ள பல்லையும் பறிகொடுத்துவிட்டு, பிள்ளை பொக்கை வாயோடு வகுப்பில் இருக்க வேண்டிவரும். பிற்பாடு கம்பி பூட்டுவதற்குப் பிடிமானமாக எங்களுக்குத் தேவைப்படும் பற்களையும் நாங்களே தொலைத்துவிட்டிருப்போம். "ஆறு வயசில கடைவாய்ப்பல்லு நேரத்துக்கு வந்ததே" என்று சிலர் கேட்பார்கள். வரும்தான். முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் வழிமறிக்கப் பால் பல் எதுவும் இல்லை. பால் பற்களும் பெரும்பாலும் உரிய காலத்தில், ஒழுங்காகவே முளைத்திருக்கும். அதனால் ஏழு எட்டு வயதுவரை யாருக்கும் சந்தேகமே வராது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாடசாலைப் பற்சிகிச்சையாளர் கொடுத்துவிட்ட துண்டோடு வந்திருந்தான். படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு தோளையும் முன்னுக்குக் கொண்டுவாங்கோ பாப்பம்" என்றேன். வெள்ளைச் சட்டைக் கொலருக்குக் கீழே இரண்டு தோளும் நாடியடியில் முட்டுமளவுக்கு வந்தன. அம்மாவுக்குச் சிரிப்பு. "அது இவன்ட சேர்க்கஸ் டொக்டர். வீட்டுக்கு ஆக்கள் வந்தா செய்து காட்டுவான்." கழுத்தடியில் விரலால் தடவிப் பார்த்தேன். நடு மார்பெலும்புப் பக்கம் காறை எலும்பின் சிறு துண்டு தட்டுப்பட்டது. அதற்கப்பால் தோள்வரை தசைதான். உச்சிக்குழி எப்போது மூடியது என்று கேட்டேன். அம்மாவுக்கு ஞாபகமில்லை, ஆனால் பிள்ளையின் கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருந்தார். வழமையாக ஒன்றரை வயதளவில் மூட வேண்டிய குழி, மூன்று வயதிலும் திறந்திருந்ததாக அதில் எழுதியிருந்தது. அதற்குமேல் யாரும் தேடிப்போகவில்லை.

எல்லாருக்கும் எல்லா அடையாளமும் இருக்காது. முன்தள்ளிய அகன்ற நெற்றி, நெற்றி நடுவே ஒரு பள்ளம், சகோதரங்களைவிடக் குறைந்த உயரம், அடிக்கடி காதுவலி, சைனஸ் தொல்லை, கேட்கும் திறன் குறைவு என்று ஆளுக்கு ஆள் மாறும். காறை எலும்பு ஓரளவு ஒழுங்காகவே இருந்து, பல்லில் மட்டும் காட்டுகிறவர்களும் உண்டு. ஆகவே இந்த நோயை முதலில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பல சமயம் பல் வைத்தியருக்குத்தான் கிடைக்கிறது.

சிகிச்சையைப் பற்றிக் கேட்கும் பெற்றோருக்கு நான் முதலிலேயே சொல்வது: இது வருடக்கணக்கான வேலை. எட்டு பத்து வயதில் தொடங்கினால், பல் வரிசை ஒரு நிலைக்கு வரப் பதின்ம வயது முடியப் பார்க்கும். மேலதிகப் பற்களையும், எந்தெந்தப் பால் பற்கள் போகவேண்டுமோ அவற்றையும் மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்கள். புதைந்த பல்லின் மேலுள்ள எலும்பை விலக்கி, பல்லில் ஒரு சின்னப் பொத்தானை ஒட்டி, அதில் ஒரு மெல்லிய தங்கச் சங்கிலியைக் கோர்த்து முரசுக்கு வெளியே விட்டுத் தைப்பார்கள். பிறகு ஒவ்வொரு வருகையிலும் அந்தச் சங்கிலியைக் கம்பியோடு இழுத்துக் கட்ட, பல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரும். ஒரு பல்லுக்கே பல மாதம் பிடிக்கும். சங்கிலி அறுந்தால் மறுபடியும் திறக்க நேரலாம். பாணின் கரை, முறுக்கு, கச்சான் எல்லாவற்றுக்கும் அந்தக் காலத்தில் விடை கொடுக்க வேண்டியதுதான்.

எத்தனை தடவை அறுவைச் சிகிச்சை என்பதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. டொரன்டோ–மெல்பர்ன் முறையில் படிப்படியாகப் பல தடவை. பெல்ஃபாஸ்ட்–ஹம்பேர்க் முறையில் எல்லாவற்றையும் ஒரே தடவையில். ஜெருசலேம் முறையில் இரண்டு தடவை. எது பிள்ளைக்குப் பொருந்தும் என்பதை வயதைவிட, புதைந்த பற்களின் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும். பிந்திப்போனால் வேர் முழுதாக வளர்ந்துவிடும், இழுப்பது கஷ்டம். அதனால்தான் எட்டு ஒன்பது வயதுப் படத்துக்கு நான் இவ்வளவு அடம்பிடிக்கிறேன்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு வழி தூரமில்லை. வார்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலையில் (பழைய ஆட்களுக்கு இன்றும் அது டென்டல் இன்ஸ்டிடியூட்தான்) வாய், தாடை அறுவைச் சிகிச்சை நிபுணரும் கம்பி போடும் நிபுணரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். செலவு அரசாங்கத்தினது, வரிசையும் அரசாங்கத்தினதுதான். கண்டிப் பக்கத்தார் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போகலாம். காதையும் மற்ற எலும்புகளையும் பொரளை சிறுவர் வைத்தியசாலையில் காட்டுவது நல்லது. எங்கே போனாலும் எக்ஸ்ரே, கடிதம், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கொண்டுபோங்கள். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நோயின் பெயரை மறக்காமல் சொல்லுங்கள். மேல்தாடையின் அமைப்பால் சிலருக்குச் சுவாசக் குழாய் வைப்பது சிரமமாகலாம். தூக்கத்தில் குறட்டை, மூச்சுத் தடை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

வளர்ந்தவர்களின் கதை வேறு. கல்யாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கையில், "போட்டோவில வாயத் திறந்து சிரிக்கோணும்" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாயில் உள்ளதில் பாதி பால் பல். சிறுத்து, தேய்ந்து, இடைவெளியோடு நிற்கும். அழகுச் சிகிச்சை நிலையமொன்றில் எல்லாவற்றுக்கும் செராமிக் வெனியர் ஒட்டலாம் என்று சொல்லியிருப்பார்கள். எக்ஸ்ரே எடுக்காமல், ஆயுள் தெரியாத பால் பல்லைச் செதுக்கி விலை கூடிய ஓடு ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லாத வேலை. நாள் நெருங்கிவிட்டதென்றால் பல்லைச் செதுக்காமல் கொம்பசிட் என்ற பல் நிற நிரப்புப் பொருளால் உருவம் கொடுக்கலாம். பிறகு வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

இன்னொரு ஆபத்தான யோசனை, "எல்லாத்தையும் கழட்டிப் போட்டு ஃபுல் செட் போடுவம்" என்பது. பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பும் உயர்ந்து வளராது. ஏற்கனவே மெலிந்த அந்த எலும்பில் முழுக் கட்டுப்பல் நிற்கப் பாடுபடும். அடியில் விட்டுவைத்த புதைந்த பற்களைச் சுற்றி நீர்க்கட்டி வரலாம், கட்டுப்பல் அழுத்தி அவை வெளியே தலைகாட்டவும் கூடும். உறுதியான பற்களை வைத்துக்கொண்டு அவற்றின் மேல் பொருந்தும் கட்டுப்பல் செய்தால் பிடிமானம் கிடைக்கும். கீழ் முகத்தின் குறைந்த உயரமும் கூடும். அதிலேயே முகத்துக்கு ஐந்தாறு வயது குறைந்துவிடும். எலும்பில் பொருத்தும் இம்பிளான்ட் பல்லும் தாடையைச் சரிசெய்யும் சத்திரசிகிச்சையும் வளர்ச்சி முடிந்த பிறகுதான்.

நெற்றியைப் பற்றியும் கேட்கிறார்கள். நெற்றிப் பள்ளத்தை நிரப்ப வழிகள் உண்டு. ஆனால் சிலருக்கு உச்சிக்குழி வளர்ந்த பிறகும் முழுதாக மூடியிருக்காது. சிடி ஸ்கான் எடுத்து நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்காமல் அங்கே எவரையும் ஃபில்லர் ஊசி போட விடாதீர்கள். ஊசி பிடிப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் அமெரிக்க நடிகர் கேட்டன் மட்டராசோவின் படத்தை போனில் காட்டுகிறார்கள். அவருக்கும் இதே நோய்தான். வெளிப்படையாகப் பேசி, பல தடவை வாயில் அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டவர். நான் அரை மணி நேரம் விளங்கப்படுத்துவதை அந்த ஒரு படம் செய்துவிடுகிறது.

சம்பந்தம் பேசும் வீடுகளில் இதை மறைப்பார்கள். மறைத்தாலும் கணக்கு மாறாது: தாய் அல்லது தகப்பனுக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெற்றோர் இருவருக்கும் இல்லாமல் பிள்ளையில் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவில் ஆலோசனை கேட்கலாம். பெண்களுக்கு இடுப்பெலும்பு ஒடுங்கியிருக்கலாம் என்பதால், கர்ப்பமானதும் விஓஜியிடம் (மகப்பேற்று நிபுணரிடம்) முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அபூர்வ எலும்பு நோய் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்து இதை வாசிக்க வேண்டாம். பிறக்கும்போதே கால் பெருவிரல் கோணி, பிறகு தசைகள் எலும்பாக மாறும் எஃப்ஓபி என்ற நோயில், கீழ்த்தாடையை விறைக்கப் போடும் வழமையான ஊசியே வாயைத் திறக்க முடியாமல் பூட்டிவிடக்கூடும். அவர்களுக்கு அந்த ஊசியும் வாயை இழுத்துத் திறப்பதும் ஆகாது. எலும்பு கல்லாக இறுகும் ஒஸ்டியோபெட்ரோசிஸில் பல் கழற்றிய காயம் ஆறாமல் தாடையில் சீழ் பிடிக்கலாம். எலும்பு எளிதில் முறியும் பிள்ளைகளுக்கு எலும்பைப் பலப்படுத்த பிஸ்பொஸ்பனேட் மருந்து ஏற்றுவார்கள். அப்படியானால் மருந்தின் பெயரும் கடைசியாக ஏற்றிய திகதியும் எழுதிய துண்டைக் கொண்டுவாருங்கள். அந்த வைத்தியரோடு பேசிவிட்டுத்தான் பல் கழற்ற நாள் வைப்போம்.