அறுவைக்குப் பின் சைக்கிள்: முழங்கால் எவ்வளவு மிதி தாங்கும்?

முழங்கால் குருத்தெலும்பில் அறுவை முடிந்தவரிடம் "நடையைக் குறையுங்கள்" என்று சொல்லும் மருத்துவரே, சில வாரங்களில் உடற்பயிற்சி சைக்கிளை மிதிக்கவும் சொல்வார். நடக்கவே தடை இருக்கும்போது சைக்கிளா என்று வீட்டில் தயங்குவார்கள். ஆனால் சைக்கிளில் உடம்பின் எடை பெரும்பாலும் சீட்டில் இறங்கிவிடுகிறது. செயற்கை மூட்டுக்குள் உணரி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது முழங்காலில் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கினால் மூன்று மடங்கைத் தாண்டும். லேசாகச் சைக்கிள் மிதித்தால் அது உடல் எடையளவு, அல்லது சற்றே கூடுதல்.

அழுத்தம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம்தான். அதில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதன் செல்களுக்கு உணவு மூட்டுத் திரவத்திலிருந்துதான் கிடைக்கிறது. மூட்டு அழுந்தும்போது குருத்தெலும்பிலிருந்து நீர் கொஞ்சம் வெளியேறுகிறது, அழுத்தம் விலகும்போது புதுத் திரவம் உள்ளே போகிறது. அசையாத மூட்டில் இந்தப் போக்குவரத்து மந்தமாகிவிடும். கனடாவின் எலும்பு மருத்துவர் ராபர்ட் சால்டரும் குழுவினரும் 1980இல் வெளியிட்ட முயல் ஆய்வு இதை அழுத்தமாகக் காட்டியது. கட்டுப்போட்டு அசையாமல் வைத்த முழங்கால்களைவிட, தொடர்ந்து மெல்ல அசைத்த முழங்கால்களில் குருத்தெலும்புக் குழிகள் நன்றாக ஆறின. எதிர்ப்பே இல்லாமல் பெடல் சுற்றுவது அந்த அசைவைத்தான் தருகிறது.

எந்த வாரத்தில் தொடங்கலாம் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. ஊரில் "ஜவ்வு ஆபரேஷன்" என்ற ஒரே பேரில் நாலைந்து வேறு வேறு அறுவைகள் அடங்கிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே மெத்தை போல் இருக்கும் பிறை வடிவ மெனிஸ்கஸில் கிழிந்த துண்டை வெட்டி எடுத்திருந்தால் ஆற வேண்டியது அதிகமில்லை. ஓரிரு வாரத்தில் உடற்பயிற்சி சைக்கிள், பெரும்பாலும் ஒன்றரை மாதத்துக்குள் சாலை. அதே மெனிஸ்கஸைத் தைத்திருந்தால் கதை வேறு. முதல் 4 முதல் 6 வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்க விடமாட்டார்கள், எனவே பெடல் முழுச் சுற்று வரவே வராது. எலும்பில் சிறு துளைகள் போட்டு, கசியும் ரத்தக் கட்டியிலிருந்து புதுத் திசு வளரவைக்கும் மைக்ரோஃபிராக்சர் செய்திருந்தால், எதிர்ப்பில்லாச் சுற்று சீக்கிரம் தொடங்கலாம். சாலைக்கு 3, 4 மாதம் ஆகும். அப்படி வளர்வது முதலில் இருந்ததைவிடத் தரம் குறைந்த நார்க்குருத்தெலும்பு என்பதால் மலை ஏற்றத்துக்கு அரை வருடமாவது பொறுக்க வேண்டும். சொந்தச் செல்களை வளர்த்துப் பதிப்பது எல்லாவற்றையும்விட மெதுவானது. அந்தத் திசு முதிர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இவை பொதுவான அளவுகள். உங்கள் முழங்காலுக்குள் பார்த்தவர் சொல்லும் தேதிதான் உங்களுக்கான தேதி.

சம்மரியில் தேட வேண்டிய இன்னொன்று, புண் இருக்கும் இடம். கால் நீட்டியிருக்கும்போது தொடை எலும்பின் ஒரு பகுதி அழுந்துகிறது, மடக்க மடக்க அதற்குப் பின்னால் உள்ள பகுதி அழுந்துகிறது. முழங்கால் சில்லும் அப்படித்தான்: மடக்க மடக்கச் சில்லின் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்பகுதிக்கு அழுத்தம் நகர்கிறது, அளவிலும் கூடுகிறது. சீட் தாழ்ந்தால் முழங்கால் அதிகம் மடங்கும். சில்லுக்குப் பின்னால் புண் இருப்பவருக்கு அது தரும் தொல்லை மற்றவர்களுக்கு இருக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியாக வந்த அட்டவணை நமக்கு ஒத்துவராமல் போவது இதனால்தான்.

பெடல் ஒரு முழுச் சுற்று வர, முழங்கால் சுமார் 105 முதல் 110 டிகிரி வரை மடங்க வேண்டும். அந்த அளவு வராதவர்கள் அரைச்சுற்றில் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும். பலருக்கு முதல் முழுச் சுற்று பின்னோக்கி மிதிக்கும்போதுதான் வரும். இடுப்பைத் தூக்கி ஏமாற்றிச் சுற்றை முடிக்காதீர்கள். சீட் உயரத்துக்கு எளிய வழி இது: சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 டிகிரி மடிப்பு இருக்கும். ஆரம்ப வாரங்களில் இதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் கூட்டினால் மேலே வரும்போது மடிப்பு சில டிகிரி குறையும். அதற்கும் மேல் போனால் இடுப்பு இருபக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் வலிக்கும். சைக்கிள் கடையில் கேட்காவிட்டால் சீட்டைத் தாழ்த்தியே வைத்துத் தருவார்கள். கால் தரையில் பதிய வசதி என்பார்கள். முழங்காலுக்கு அது நல்லதல்ல.

சாலைக்கு வந்தபின் கவனிக்க வேண்டியது மிதிவிசை. 70 கிலோ ஆள், சைக்கிளும் சாமானும் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஒற்றை கியர் சைக்கிளில் செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னே 44 பல், பின்னே 18 பல், 28 அங்குலச் சக்கரம். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். காற்றில்லாத சமதளத்தில் 12 கிலோமீட்டர் வேகத்தில் போக, பெடலில் சராசரியாக 6 கிலோ எடையளவு விசை போதும். அதே வண்டியை 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மேட்டில் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றினால் 26 கிலோ ஆகிவிடும். நிமிடத்துக்கு 25 சுற்றுதான் வரும். இது சராசரி. பெடல் முன்னால் கிடையாக நிற்கும் கணத்தில் உச்சவிசை இதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டும். தொடைத் தசை இழுக்கும் புள்ளி மூட்டு மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் அளவே தள்ளி இருப்பதால், பாதத்தில் கொடுக்கும் விசை மூட்டுக்குள் பல மடங்காகப் பெருகிவிடும். கியர் வண்டியில் முன்னே 28, பின்னே 34 பல் போட்டு அதே மேட்டை அதே வேகத்தில் ஏறினால் விசை சுமார் 9 கிலோவுக்கு இறங்கிவிடும். அதற்கு நிமிடத்துக்குச் சுமார் 73 சுற்று மிதிக்க வேண்டும். மூச்சு அதே அளவுதான் வாங்கும். மிதிவிசை மூன்றில் ஒன்றாகிவிடும், குருத்தெலும்பு தாங்கும் பாரமும் குறையும்.

கியர் வண்டி வாங்க வசதி இல்லாதவர் பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீலை 18 பல்லிலிருந்து 22 பல்லுக்கு மாற்றலாம். செலவு குறைவு, செயினில் ஓரிரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும். மிதிவிசை சுமார் 18 சதவீதம் குறையும். குறுக்கு பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் ஆண்களுக்கும் இந்தச் சில மாதங்களுக்கு நல்லது, காலை வீசி ஏற வேண்டியதில்லை. ஷூவைப் பூட்டும் பெடல்களைத் தள்ளி வையுங்கள். குதிகாலைத் திருப்பி விடுவிக்கும் அந்த முறுக்கல், தைத்த மெனிஸ்கஸுக்கு ஆகாது. நிற்கும்போது நல்ல காலை ஊன்றுங்கள், கிளம்பும் முன் ஊன்றிய காலை மாற்றிக்கொண்டு முதல் மிதியையும் நல்ல காலாலேயே கொடுங்கள். நின்ற வண்டியை நகர்த்தும் அந்த முதல் மிதிதான் சமதளப் பயணத்தின் மிகக் கனமான மிதி.

சேலத்தில் இருப்பவர்கள் சமதளம் என்று நம்பும் சாலைகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காடு மலை அடிவாரம் போகும் சாலை கண்ணுக்குத் தெரியாமலே ஏறுகிறது. திரும்பி வரும்போதுதான் மிதிக்காமலே வண்டி ஓடுவது புரியும். ஐந்து ரோடு மேம்பாலத்தின் சாய்வும் ஆரம்பத்தில் வேண்டாம், கீழ்ச்சாலையிலேயே போகலாம். முதலில் 15 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம். நேரத்தையும் மேட்டையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. வீங்கினால் எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

வலியை மட்டும் அளவுகோலாக வைப்பது ஆபத்து, ஏனெனில் குருத்தெலும்புக்கு நரம்பே இல்லை. உண்மையைச் சொல்வது வீக்கம். மறுநாள் காலை எழுந்ததும் சில்லின் நடுவில் தையல் டேப்பைச் சுற்றி அளந்து, முந்தைய நாள் காலை அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால் இரண்டு நாள் ஓய்வு, பிறகு பாதி நேரத்திலிருந்து மறுபடி தொடக்கம். மூட்டில் கொஞ்சம் நீர் சேர்ந்தாலே தொடைத் தசைக்கு வரும் நரம்புக் கட்டளை தடைபடும். தசை தளர்ந்தால் அதிர்வைத் தாங்குவது மூட்டின் பொறுப்பாகிவிடும், வீக்கம் மேலும் கூடும். முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ சைக்கிளை விட்டுவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கெண்டைக்கால் வலி ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம்.

ஏற்காடு கடைசி. சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்திலிருந்து 1,500 மீட்டருக்கு ஏறும் சாலை அது, 20 கொண்டை ஊசி வளைவுகள். சராசரி ஏற்றத்தை மேலே கணக்கிட்ட 5 சதவீதம் என்று கொள்ளலாம். வளைவுகளின் உள்வட்டத்தில் இன்னும் செங்குத்து, அதனால் வாகனம் இல்லாதபோது வெளிவட்டமாகத் திரும்புவது முழங்காலுக்கு இதம். முதல் முறை இரண்டு வளைவு ஏறித் திரும்புங்கள், ஒரு வாரம் வீக்கம் பாருங்கள், பிறகு நான்கு. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கவே கூடாது. சுற்று நிமிடத்துக்கு 60க்குக் கீழே போனால், கீழ் கியரும் மிச்சமில்லை என்றால், இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள்.

இறக்கத்தை ஓய்வு என்று நினைக்காதீர்கள். பெடல் மேல் அரைகுறையாக மடித்த காலில் நின்றபடி பிரேக் பிடித்து வந்தால், சில்லுக்குப் பின்னால் அழுத்தம் விடாமல் ஒரே இடத்தில் இருக்கும். திரவம் உள்ளே வர இடைவெளி கிடைக்காது. உட்கார்ந்தே இறங்குங்கள், நேரான பகுதிகளில் எதிர்ப்பில்லாமல் பெடலைச் சுற்றிக்கொண்டே இருங்கள், ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை இறங்கிக் காலை நீட்டுங்கள். முதல் சில முறை மேலே வரை போனவர்கள், வண்டியை வேனில் ஏற்றிக் கீழே கொண்டுவந்துவிடுவது இன்னும் நல்லது.