படத்துக்குப் போட்ட குறிப்பு எங்கே இருக்கிறது?

ஒரு படத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறீர்கள். ‘காதுகுத்து’ என்று டேக் போடுகிறீர்கள். கூட்டத்தில் நிற்பவர்களின் முகங்களுக்குப் பெயரும் எழுதி வைக்கிறீர்கள். இதெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது? பெரும்பாலும் படத்துக்குள் இல்லை, படங்களை அடுக்க நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் தனக்கென்று வைத்திருக்கும் டேட்டாபேஸில். அடோபியின் பட மென்பொருளான லைட்ரூம் கிளாசிக் ‘கேட்டலாக்’ என்று சொல்வது, எஸ்க்யூலைட் என்ற வகையைச் சேர்ந்த, ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ்தான். தேடுவதற்கு அதைப்போல வேகமானது வேறில்லை. ஆனால் மென்பொருளே நின்றுபோனால்?

நின்றுபோகத்தான் செய்கின்றன. ஆப்பிள் நிறுவனம் தன் பட மென்பொருளான அபெர்ச்சரை இனி வளர்க்கப்போவதில்லை என்று 2014இல் சொல்லிவிட்டது. கூகுள் 2016இல் தன் பட மென்பொருளான பிக்காசாவைக் கைவிட்டது. ஆனால் பிக்காசா ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைவாக ஒரு சிறிய ஐஎன்ஐ கோப்பில் எந்தப் படத்துக்கு நட்சத்திரம், எந்த இடத்தில் முகம் என்று சாதாரண எழுத்தாகவே எழுதி வைத்திருந்தது. அதனால்தான் பின்னாளில் மற்றவர்கள் சிறு நிரல்கள் எழுதி அந்த உழைப்பை மீட்க முடிந்தது.

படத்தின் பக்கத்திலேயே குறிப்பை வைக்கும் இந்த முறைக்கு சைடுகார் என்று பெயர். இன்று இதற்குப் பொதுவாகப் பயன்படுவது எக்ஸ்எம்பி என்ற குறிப்பு வடிவம். அடோபி 2001இல் கொண்டுவந்தது. 2012இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமும் ஆனது. ‘விழா101’ என்ற பெயரில் ஒரு ரா படம் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இருந்தால், அதே பெயரில் எக்ஸ்எம்பி என்று முடியும் கோப்பு ஒன்று அருகில் இருக்கும். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம், உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல் என்ற சாதாரண எழுத்து வடிவம்.

உள்ளே மதிப்பீடு 0 முதல் 5 வரை ஓர் எண். வேண்டாம் என்று ஒதுக்கிய படத்துக்கு -1. டேக்குகள், நூலகத்துறையினர் பயன்படுத்தும் டப்ளின் கோர் தரத்தின் ‘பொருள்’ புலத்தில் ஒரு பட்டியலாக உட்காருகின்றன. எனக்குப் பிடித்தது முகங்களைக் குறிக்கும் விதம். முகத்தின் மையப்புள்ளி, அகலம், உயரம் ஆகியவற்றை பிக்சலில் சொல்வதில்லை, படத்தின் அளவில் இத்தனை பங்கு என்று 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண்ணாகச் சொல்கிறார்கள். மையம் 0.5, 0.5 என்றால் முகம் நட்டநடுவில். படத்தைப் பாதியாகச் சுருக்கினாலும் முகத்தின் கட்டம் நகராது. அடோபி, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் எல்லாம் இருந்த ஒரு கூட்டுக்குழு வகுத்த முறை இது.

சரி, படத்துக்குள்ளேயே எழுதிவிட்டால் என்ன? ஜேபெக்கில் தாராளமாக எழுதலாம், அதற்கென்று இடம் உண்டு. ரா கோப்புகளில்தான் சிக்கல். கேனான், நிகான், சோனி என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் வடிவத்தைத் தானே வகுத்து, முழு விவரத்தை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறது. தெரியாத கட்டமைப்பில் கை வைத்தால் படமே பாழாகலாம். அதோடு பேக்கப்பையும் யோசியுங்கள். ஒரு நட்சத்திரத்தை மாற்றியதற்காக 30 எம்பி கோப்பு மாறினால், பல பேக்கப் மென்பொருள்கள் அதை முழுதாக மறுபடி ஏற்றும். சைடுகார் என்றால் சில கேபியோடு முடிந்தது. அப்புறம், ஒரு முறைகூடத் தொடாத கோப்பின் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண், மாறவே கூடாது. மாறியிருந்தால் டிஸ்க் கெட ஆரம்பித்துவிட்டது என்று உடனே பிடித்துவிடலாம்.

பலவீனமும் கண்ணெதிரே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது பெயர் மட்டுமே. படத்தை மட்டும் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் குறிப்பு அனாதை. பெயர் வைப்பதிலும் ஒற்றுமை இல்லை. அடோபி, கோப்பின் பெயர் முடிவில் வரும் சிஆர்2 (கேனானின் ரா வகை) போன்ற வாலை எடுத்துவிட்டு எக்ஸ்எம்பி போடுகிறது. டார்க்டேபிள் என்ற இலவச ரா மென்பொருள் வாலை வைத்துக்கொண்டே அதன் பின்னால் ஒட்டுகிறது. இரண்டாவதுதான் சரி என்பேன்: ஒரே காட்சிக்கு ராவும் ஜேபெக்கும் இருந்தால் இரண்டும் ஒரே சைடுகாருக்குச் சண்டை போடாது. கூகுளிலிருந்து நம் தரவை இறக்கிக்கொள்ளும் டேக்அவுட் வசதியில் படத்தோடு வரும் ஜேசான் என்ற எழுத்துக் கோப்புகளும் சைடுகார்தான். அங்கே நீளமான பெயர்கள் வெட்டப்பட்டுவிடுவதால் எது எதற்குரியது என்று ஜோடி சேர்ப்பதே பெரிய வேலை.

தரம் ஒன்றே ஆனாலும் எல்லாம் கூடவே வராது. வண்ண லேபிள் வெறும் எழுத்தாகப் பதிவாகிறது. ஒரு மென்பொருள் ‘சிவப்பு’ என்பதை ஜெர்மனில் எழுதியிருந்தால், ஆங்கிலத்தில் ஓடும் இன்னொன்று அதைச் சிவப்பாகக் காட்டாது. டார்க்டேபிளில் செய்த வண்ணத் திருத்தங்கள் சைடுகாரில் பத்திரமாக இருக்கும், ஆனால் லைட்ரூமுக்கு அது புரியாது. ஆல்பங்கள் நிலைமை இன்னும் மோசம். லைட்ரூமின் கலெக்ஷன்கள் எக்ஸ்எம்பியில் எழுதப்படுவதே இல்லை. ஆல்பம் முக்கியம் என்றால் அதன் பெயரை ஒரு டேக்காகவும் போட்டுவிடுங்கள்.

லைட்ரூம் கிளாசிக்கில் மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் எழுதும் வசதி கேட்டலாக் அமைப்புகளில் இருக்கிறது. நீங்கள்தான் அதை இயக்க வேண்டும். வீட்டு சர்வரில் இம்மிச் என்ற படச் சேமிப்பு மென்பொருளை ஓட்டுபவர்களுக்கு அது சைடுகாரைப் படிக்கவும் செய்யும், எழுதவும் செய்யும். ஆனால் இரண்டு மென்பொருள்கள் ஒரே சைடுகாரில் எழுதினால், கடைசியில் எழுதியது முன்னதை அழித்துவிடும் வாய்ப்பு உண்டு. எழுதும் உரிமையை ஒன்றுக்கு மட்டும் கொடுத்து, மற்றவற்றைப் படிக்க மட்டும் விடுவது நல்லது. எவ்வளவு தேறும் என்று பார்க்க, டேக்கும் முகமும் நட்சத்திரமும் உள்ள சில படங்களை சைடுகாரோடு காப்பி செய்து, டிஜிகேம் போன்ற வேறொரு பட மென்பொருளில் திறந்து பாருங்கள்.